மார்க்கண்டுவை விடுதலை செய்யுங்கள்

மானிப்பாய்
14-5-1985

அன்புள்ள மகன் குகதாசனுக்கு ஐயா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். பஹ்ரைன் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். உன் ஏப்ரல் மாதக் கடிதம் கிடைத்தது. முத்திரையை வலது மூலையில் ஒட்டாமல் உறையின் நடுவில் ஒட்டியிருக்கிறாய். முப்பத்திரண்டு வருஷம் தபாலதிபராக இருந்தவனின் மகன் செய்கிற வேலையா இது?

ஒரு விஷயம். பதற்றப்படாதே. உன் தம்பி சச்சிதானந்தனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். போன மாதக் கடைசியில் சந்தைக்குள் ஆமிக்காரர் சுட்டதில் எட்டுப் பேர் செத்தார்கள். எட்டுப் பேரும் மரக்கறி வாங்க வந்த சனம். செத்தவர்களுக்காக யாரும் கோபப்பட்டுவிடக் கூடாதென்று அடுத்த நாள் பஸ்களை மறித்து இளம்பிள்ளைகளை எல்லாம் இறக்கினார்கள். சச்சி கணக்குப் பாடம் படிக்கப் போன பஸ்ஸும் அகப்பட்டது. மொத்தம் முப்பத்தொன்பது பேர். தெற்கே கடற்கரையோரம் ஒரு முகாமில் வைத்திருப்பதாகக் கேள்வி. குற்றம் என்று எதுவும் எழுதவில்லையாம்.

நான் சும்மா இருக்கவில்லை. மந்திரிக்கு ஒன்று, எதிர்க்கட்சிக்கு ஒன்று, தூதரகங்களுக்கு நாலு, ஜெனீவாவுக்கு ஒன்று என ஏழு பதிவுத்தபால் போட்டிருக்கிறேன். முகவரி எழுதியது நான். ஆகவே ஏழும் போய்ச் சேரும். நீ உன் வேலையைக் கவனி.

இப்படிக்கு,
உன் ஐயா சி. மார்க்கண்டு

(ஓரத்தில், பென்சிலில்) தம்பி, ஐயா இரண்டு வாரமாக ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் பசியில்லை என்கிறார். சச்சியின் சைக்கிளை ஒவ்வொரு நாளும் துடைக்கிறார். உன்னால் எதையாவது செய்ய முடியுமென்றால் செய். அம்மா.


குதைபியா, மனாமா
6-6-1985

அன்புள்ள ஐயாவுக்கும் அம்மாவுக்கும் குகதாசன் வணக்கம்.

நான் உடம்பளவில் சுகம். உங்கள் கடிதத்தை வாசித்த அன்று டியூட்டிக்குப் போனேன், ஆனால் என்ன செய்தேன் என்று தெரியாது. இருநூறு மூட்டை சீமெந்துக்குப் பதிலாக இருநூறு வாஷ்பேசினுக்கு ஓடர் போட்டிருந்தேன். அதனால் நன்மைதான் விளைந்தது. எங்கள் சைட்டில் உள்ள ஒல்லாந்து எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டு "உனக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். சொன்னேன். அவருடைய ஊரில் கடிதம் எழுதும் சங்கம் ஒன்று இருக்கிறதாம். அநியாயமாகப் பிடிக்கப்பட்ட ஆட்களுக்காக அங்கத்தவர்கள் உலகம் முழுக்கக் கடிதம் எழுதுவார்களாம். நூற்றுக்கணக்கில் கடிதம் போய் விழுந்தால் எந்த அரசாங்கத்துக்கும் கூச்சம் வருமாம்.

அடுத்த நாளே விண்ணப்பப் படிவம் தந்தார். ரூமில் எல்லாருமாக இருந்து நிரப்பினோம். பெயருக்குப் பன்னிரண்டு கட்டம்தான் விட்டிருந்தார்கள். சச்சிதானந்தன் என்று இங்கிலீஷில் எழுதப் பதினாறு எழுத்து வேண்டும். நான் யோசித்துக்கொண்டிருக்க, எங்கள் மெஸ்ஸில் சமைக்கும் கீழக்கரைக் கௌஸ் முகம்மது, "தம்பி, பேரு எழுதவா இத்தனை ரோசனை? கட்டத்துல அடங்குறதை எழுதி யல்லான்னு அனுப்புங்க" என்றார். யல்லா என்றால் அரபியில் "சீக்கிரம்". இந்த நாட்டில் தகப்பன் பெயரைத்தான் ஆளின் பெயராக எடுக்கிறார்கள். என்னுடைய வேலை அட்டையிலும் அப்படித்தான், சைட்டில் எல்லாருக்கும் நான் மிஸ்டர் மார்க்கண்டு. ஆகவே தம்பியையும் எஸ். மார்க்கண்டு, வயது 21 என்று எழுதிவிட்டேன். கட்டத்துக்குள் கச்சிதமாக அடங்கியது.

பரமக்குடிப் பக்கத்துக் கொத்தனார் வேலுச்சாமிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "ஏண்ணே, மார்க்கண்டுன்னா நீங்கதானே? நீங்க இங்கன இருக்கீங்க. அப்ப உள்ள இருக்கறது யாரு?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தோம்.

உங்கள் அன்பு மகன்,
குகதாசன்


மானிப்பாய்
30-6-1985

அன்புள்ள மகனுக்கு,

சுகம், உன் சுகம் அறிய விருப்பம். என் பெயரைச் சொல்லி அங்கே யாராவது உன்னை ஏசுகிறார்களா? "மார்க்கண்டு, யல்லா" என்று ஓர் அராபியன் விரட்டுவதை நினைத்தால் எனக்கு இங்கே நித்திரை வராது. நான் அரசாங்க சேவையில் யாரிடமும் ஏச்சு வாங்காதவன்.

ஜெனீவாவிலிருந்து பதில் வந்துவிட்டது. "உங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது" என்று அச்சடித்த ஓர் அட்டை. எவ்வளவு ஒழுங்கான மனிதர்கள்! மற்ற ஆறு பேரும் அதைக்கூடச் செய்யவில்லை.

சந்தையில் சுட்டது பற்றி லண்டன் வானொலியில் சொன்னார்கள். மூன்று நாடுகள் ஆழ்ந்த கவலை தெரிவித்தனவாம். ஒரு நாடு வெறும் கவலை. இன்னொரு நாடு இரண்டு தரப்பும் நிதானமாக இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டதாம். செத்த எட்டுப் பேரும் மிக நிதானமாகத்தான் இருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு அம்பலவாணர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது.

சச்சி பற்றிப் புதிதாக ஒன்றுமில்லை. அவன் உயிரோடு இருக்கிறான் என்று முகாமுக்கு விறகு ஏற்றிப்போன ஒருவன் சொன்னான். அதுவே பெரிய செய்தி.

உன் ஐயா


குதைபியா
2-8-1985

அன்புள்ள ஐயா, அம்மா,

நலம். இங்கே வெயில் நூற்றுப்பதினைந்து. நல்ல செய்தி எழுதுகிறேன். சங்கம் தம்பியின் விஷயத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது! ஒல்லாந்திலும் நோர்வேயிலும் அங்கத்தவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்களாம். மந்திரிக்கு ஒரு கடிதம், ஆறுதலாக வீட்டுக்கு ஒரு கடிதம் என்பது அவர்களின் முறை. ஆகவே உங்களுக்கும் தபால் வரும்.

எங்கள் பங்குக்கு நாங்களும் ஒரு மனு எழுதித் தொழிலாளர் காம்ப் முழுக்கக் கையெழுத்து வாங்கினோம். அறுபத்துநாலு பேர் போட்டார்கள். அதில் ஐம்பது பேர் அது பஸ்ஸுக்கு ஏர்கண்டிஷன் கேட்கிற மனு என்று நினைத்திருக்கிறார்கள். எப்படியோ கையெழுத்துக் கையெழுத்துத்தானே. விஷயம் மனேஜருக்குத் தெரிந்து என்னைக் கூப்பிட்டார். "மார்க்கண்டுவை விடுதலை செய்யுங்கள் என்று எழுதியிருக்கிறாயாம். உன்னை யார் பிடித்து வைத்திருப்பது? லீவு வேண்டுமென்றால் நேரே கேள்" என்றார்.

சாப்பிடுங்கள் ஐயா. இதை வேறு யாரும் எழுதச் சொல்லவில்லை.

குகதாசன்


மானிப்பாய்
10-9-1985

மகன் குகதாசனுக்கு,

சுகம். நீ சுகமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கடிதத்தை உட்கார்ந்து வாசி.

தபாற்காரன் ஏரம்பு போன வாரம் சாக்கோடு வந்தான். "ஐயா, என்ர சைக்கிள் டியூப் உங்களாலதான் போச்சுது. உங்களுக்கு வெளிநாட்டில இத்தனை சொந்தமோ?" என்றான். சாக்குக்குள் நாற்பத்தொரு கடிதம், எல்லாம் எஸ். மார்க்கண்டு என்ற பெயருக்கு. எஸ் என்றால் என் தகப்பன் சின்னத்தம்பி. மார்க்கண்டு என்றால் நான். ஆகவே உடைத்தேன்.

"அன்பின் மார்க்கண்டு, தைரியமாக இரு, உனக்கு இருபத்தொரு வயதுதான், வாழ்க்கை இன்னும் இருக்கிறது" என்று ஹார்லம் ஊரிலிருந்து ஒரு கிழவி எழுதியிருக்கிறா. எனக்கு அறுபத்துநாலு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கம்பிக்குப் பின்னால் நான் நிற்பதுபோலப் படம் கீறி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு நிறையத் தலைமயிர் வைத்துக் கீறியிருக்கிறார்கள், அது ஒன்றுதான் ஆறுதல். சிறையில் குளிரும் என்று கம்பளிச் சொக்ஸ் ஆறு சோடி. அம்மாவுக்குத் தனிக் கடிதம், கணவர் இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று. அம்மா அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

படிவத்தில் நீ செய்த பிழை விளங்குகிறதா? உலகத்தின் பாதி என் விடுதலைக்காகப் பாடுபடுகிறது. நான் முற்றத்தில் இருக்கிறேன். உடனே திருத்து. இந்தக் கடிதங்கள் சச்சிக்கு உரியவை என்று இப்போது தெரிந்துவிட்டபடியால் இனி ஒன்றையும் உடைக்க மாட்டேன். மற்றவனுடைய கடிதத்தை உடைப்பது குற்றம். கட்டிவைக்கிறேன்.

ஐயா

(ஓரத்தில்) உடைத்த நாற்பத்தொன்றுக்கும் நன்றிக் கடிதம் எழுதினார். அவர் வீட்டில்தான் இருக்கிறார் என்பதை ஒன்றிலும் எழுதவில்லை. அந்தக் கிழவிக்கு மனம் நோகுமாம். அம்மா.


குதைபியா
5-10-1985

அன்புள்ள ஐயாவுக்கு,

நலம் கேட்டு எழுதவும் கூச்சமாக இருக்கிறது. பிழை என்னுடையது. உடனே சங்கத்துக்கு எழுதினேன். பெயர் திருத்தம் குழுவுக்குப் போக வேண்டுமாம், குழு நவம்பரில்தான் கூடுமாம். அதுவரை எஸ். மார்க்கண்டுவுக்காகவே எழுதுவார்களாம். "ஒரு மனிதனுக்கு ஏன் தகப்பன் பெயர் முன்னால் வருகிறது? அப்படியானால் தகப்பனின் பெயர் என்ன? அவருடைய தகப்பனின் பெயர் என்ன?" என்று கேட்டிருந்தார்கள். மூன்று பக்கத்தில் விளக்கினேன். எனக்கே குழம்பிவிட்டது.

வேலுச்சாமி, "நான் அன்னைக்கே கேட்டேன்ல?" என்று ஒரு தரம் கேட்டான். ஒரே ஒரு தரம்தான். நல்லவன்.

உங்கள் குகதாசன்


மானிப்பாய்
24-11-1985

தம்பிக்கு அம்மா எழுதுவது.

நீ சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். ஐயா உனக்குக் கடிதம் போட்டு இரண்டு மாதம் கடந்துவிட்டது. அவருக்கு எழுத முகமில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

போன மாதம் கொழும்பிலிருந்து ஓர் உத்தியோகத்தரும் படம் எடுக்கிறவரும் வந்தார்கள். "நீங்கள்தானோ எஸ். மார்க்கண்டு?" என்று கேட்டார்கள். "ஓம், நான்தான்" என்று ஐயா எழுந்து நின்றார். அரசாங்கத்து ஆட்களைக் கண்டால் அவருக்கு இன்னும் மரியாதை. சச்சியை விடப்போகிறார்கள், அதற்குத்தான் தகப்பனை விசாரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். கோட்டுப் போட்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையில் இருந்தார். அன்றைய பேப்பரையும் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். "நன்றி, வேலை முடிஞ்சுது" என்று போய்விட்டார்கள். அன்றைக்கு ஐயா இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தப் படத்தை ஒல்லாந்துக்கு அனுப்பி, மார்க்கண்டு யாருடைய காவலிலும் இல்லை, தன் வீட்டில் சுதந்திரமாகத் தேநீர் குடிக்கிறார் என்று எழுதியிருக்கிறார்கள். சங்கத்திலிருந்து பூப்போட்ட வாழ்த்து அட்டை வந்தது. "நீங்கள் விடுதலையானதில் மட்டற்ற மகிழ்ச்சி. உங்கள் விஷயத்தை வெற்றியாக முடித்துக்கொள்கிறோம். இந்தச் சில மாதச் சிறைவாசத்தில் நீங்கள் இவ்வளவு முதிர்ந்துபோனதைப் படத்தில் கண்டு சங்கத்தில் பலர் அழுதோம்" என்று எழுதியிருந்தது.

நான் சிரித்துவிட்டேன் தம்பி. என்னால் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருக்க அழுகை வந்தது. ஐயா சேட்டு மாட்டிக்கொண்டு வெளியே போனார். பிறகுதான் தெரிந்தது, தெற்கே போயிருக்கிறார். மூன்று நாள் முகாம் வாசலில் நின்றிருக்கிறார். "நான்தான் மார்க்கண்டு. என்னை உள்ளே எடுத்துக்கொண்டு பிள்ளையை விடுங்கோ" என்று கேட்டிருக்கிறார். அவர்களிடம் இருக்கிற பட்டியலில் மார்க்கண்டு விடுதலையான ஆளாம். மூன்றாம் நாள் ஒருவன் பிடித்துத் தள்ளியதில் விழுந்து மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. கூடப் போன அம்பலவாணர்தான் எனக்குச் சொன்னார்.

இதை நான் எழுதினதாக ஐயாவுக்குக் காட்டிக்கொள்ளாதே.

அம்மா


குதைபியா
12-12-1985

அன்புள்ள ஐயாவுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு விசேஷமாக எந்தச் செய்தியும் கிடைக்கவில்லை. சும்மா எழுதுகிறேன்.

குழு கூடியதாம். மார்க்கண்டுவின் விஷயம் முடிந்துவிட்டபடியால் அதில் திருத்த ஒன்றும் இல்லையாம். புதிதாக விண்ணப்பித்தால் ஆறு மாதத்தில் பார்ப்பார்களாம். எஞ்சினியர் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார்.

ஐயா, நான்தான் உங்களை விடுதலை செய்தேன், தம்பியை உள்ளே வைத்தேன். பன்னிரண்டு கட்டத்துக்குப் பயந்து தம்பியின் பெயரை விட்டேன். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். கௌஸ் முகம்மது தொழுகையில் தம்பிக்காகக் கேட்கிறார், சரியான பெயரைச் சொல்லித்தான் கேட்கிறாராம்.

உங்கள் கண்ணாடியின் பவர் எழுதுங்கள். இங்கே நல்லதாக ஒன்று செய்து அனுப்புகிறேன்.

குகதாசன்


மானிப்பாய்
8-1-1986

அன்பு மகனுக்கு,

சுகம், நல்ல சுகம். கண்ணாடி உடைந்தது உனக்கு எப்படித் தெரியும்? அது கட்டிலிலிருந்து விழுந்து உடைந்தது. வேறு யார் எதைச் சொன்னாலும் நம்பாதே. பவர் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்காதே. பிள்ளைக்குப் பதினாறு எழுத்தில் பெயர் வைத்தவன் நான். அம்மா அப்போதே ரவி என்று வைக்கச் சொன்னவ.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உடைக்காமல் கட்டிவைத்த கடிதங்கள் இருநூற்று எழுபத்திரண்டு. திருவெம்பாவை நாட்களில் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தபால் விதி எனக்குப் பாடம். விலாசக்காரர் வேறிடம் போய்விட்டால், உடைக்காத கடிதத்தில் பழைய விலாசத்தை வெட்டிப் புதியதை எழுதித் திருப்பிப் போடலாம். அதற்கு முத்திரை தேவையில்லை. எந்தத் தபாற்கந்தோரும் மறுக்க முடியாது.

சிவப்பு மையால் என் பெயரை வெட்டினேன், இருநூற்று எழுபத்திரண்டு தரம். "மா. சச்சிதானந்தன், கைதி" என்று முகாமின் விலாசத்தை இங்கிலீஷில் எழுதினேன். பெயரை முழுதாக எழுதினேன், ஓர் எழுத்தும் விடவில்லை. ஒரே நாளில் போட்டால் ஒரே நாளில் எரித்துவிடுவார்கள். அதனால் நாளைக்குப் பத்து. ஏரம்பு தானே வந்து எடுத்துக்கொண்டு போகிறான். "ஐயா, கொண்டு வந்ததும் நான், கொண்டு போறதும் நான். எனக்கும் ஒரு சோடி சொக்ஸ் தாங்கோவன்" என்றான். கொடுத்தேன். மானிப்பாய் வெயிலில் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓடுகிறான்.

இதனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது மகனே.

உன் ஐயா


மானிப்பாய்
26-2-1986

அன்புள்ள அண்ணா,

நான் சச்சி. வீட்டில் இருந்து எழுதுகிறேன். நம்பு.

நான் சுகம் என்று எழுதும்படி அம்மா பக்கத்தில் நிற்கிறா. பாதிச் சுகம். பல் இரண்டு இல்லை, நிறை குறைந்துவிட்டது. நித்திரை வரும்போது வருகிறது. நீ எப்படி? உன்னை அங்கே ஐயாவின் பெயரில் கூப்பிடுகிறார்களாம் என்று கேட்டுச் சிரித்தேன். முகாமில் சிரிக்காமல் இருந்து முகம் இறுகிப்போயிருந்தது. சிரித்தபோது நொந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். முகாமில் வருகிற கடிதம் எல்லாவற்றையும் வாசிக்க ஒரு லெப்டினன்ட் இருந்தான். அதற்கு முன் அவனுக்கு வாரத்தில் நாலைந்து கடிதம்தான் வேலை. தை மாதத்திலிருந்து ஒவ்வொரு நாளும் எனக்குப் பத்துக் கடிதம். எல்லாம் இங்கிலீஷ், கிழவிமாரின் கோணல் எழுத்து. ஒவ்வொன்றையும் வாசித்து, இதில் இரகசியம் இல்லை என்று அவன் கையெழுத்து வைக்க வேண்டும். ஒருத்தி தன் பூனைக்குப் பிரசவம் நடந்ததை எட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தா. அதை என்ன சங்கேதம் என்று கண்டுபிடிக்க அவனுக்கு இரண்டு நாள் ஆனது. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "யாரடா நீ? உனக்கு எத்தனை மாமி?" என்று கேட்டான். "நான் கணக்குப் படிக்கிறவன்" என்றேன். என்னுடைய பைலை எடுத்துப் பார்த்தான். உள்ளே ஒரு தாள், அதில் என் பெயர் மட்டும். அடுத்த கிழமை என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். என்னை விட்டதால் விடுதலையானது அவன்தான்.

வாசித்து முடித்த கடிதங்களை என்னிடம் தந்தார்கள். அன்று பஸ்களில் பிடிபட்ட முப்பத்தொன்பது பேரும் ஒரே மண்டபத்தில் கிடந்தோம். அந்த மண்டபத்தில் மற்றவர்களுக்கு ஒரு கடிதமும் வருவதில்லை. நான் தனியே வைத்து வாசிக்க மனம் வரவில்லை. ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கிட்டேன். உறையில் என் பெயர் இருந்தாலும் உள்ளே எல்லாவற்றிலும் "அன்பின் மார்க்கண்டு" என்றுதான் இருந்தது. அது யாருக்கும் பொருந்தியது. இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு நான் வாசித்துச் சொன்னேன். அடி வாங்கிவிட்டு வருகிறவனுக்கு, "அன்பின் மார்க்கண்டு, உன்னை நாங்கள் மறக்கவில்லை" என்று வாசித்தால் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இன்னொருக்கால் வாசி" என்பான். கொடிகாமத்து நாகலிங்கம் ஹார்லம் கிழவியைத் தன் மாமி என்றே சொல்லத் தொடங்கிவிட்டான். அவனுக்குப் பதினேழு வயது. நான் வெளிக்கிட்டபோது கடிதங்களை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஐயா நேற்று உன் சங்கத்துக்கு நன்றிக் கடிதம் எழுத உட்கார்ந்தார், பையன் வீட்டுக்கு வந்துவிட்டான், எல்லாம் முடிந்தது என்று. நான் பேனையை வாங்கி வைத்துவிட்டேன். ஐயா வேறு தாள் எடுத்துத் தந்தார்.

ஆகவே அண்ணா, நீ உன் எஞ்சினியரிடம் போய்ச் சொல். அந்தப் படம் பிழை, விஷயம் முடியவில்லை, எல்லாரையும் திரும்ப எழுதச் சொல்லு. மார்க்கண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறார். முப்பத்தெட்டுப் பேர்.

உன் தம்பி,
சச்சிதானந்தன்